பணயச் சிறுவன் தாங்கிய அரசு: வில்லியம் மார்ஷல் – ஒரு நிகழ்வு ஆய்வு

1216 அக்டோபர் கடைசியில் இங்கிலாந்து அரசகுலம் தப்பிப் பிழைக்கும் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இருந்திருக்காது. மன்னர் ஜான் வயிற்றுக்கடுப்பு கண்டு நியூவார்க் கோட்டையில் இறந்துவிட்டார். லண்டன் பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில் இருந்தது. நாட்டுப் பிரபுக்களில் பெரும்பகுதி லூயி பக்கம் போய்விட்டது. கஜானா காலி. வாரிசு ஹென்றிக்கு வயது 9. வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போக வழியில்லாததால் அக்டோபர் 28 அன்று க்ளாஸ்டர் தேவாலயத்தில் அவசரமாக முடிசூட்டினார்கள். முறையான கிரீடம் கைவசம் இல்லை. ஒரு பொன் வளையத்தைத் தலையில் வைத்துச் சடங்கை முடித்தார்கள்.

அப்புறம் எழுந்த கேள்வி, இந்தப் பையன் பெயரால் யார் ஆள்வது என்பது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள். 70 வயதை நெருங்கியிருந்த பெம்புரோக் பிரபு வில்லியம் மார்ஷல்.

இவர் பிறந்தபோது இவருக்கென்று ஒரு காணி நிலம் கிடையாது. தந்தைக்கு நான்காவது மகன். அந்தக் காலத்து வழக்கப்படி சொத்து மூத்தவனுக்கு. நான்காமவனுக்குக் கிடைப்பது ஒரு குதிரையும் கொஞ்சம் புத்திமதியும்தான். அப்படிப்பட்டவர் அந்த இடத்துக்கு வந்தது எப்படி? வீரம், அதிர்ஷ்டம், நல்ல கல்யாணம் என்று மூன்றையும் வழக்கமாகச் சொல்வார்கள். மூன்றும் உண்மை. ஆனால் இந்த மூன்றும் வாய்த்த வேறு பலர் அதே மன்னர்களின் கையில் அழிந்துபோனார்கள். மார்ஷல் அழியாததற்குக் காரணம், கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பவர் என்ற பெயரை ஒரு முதலீடு மாதிரி ஐம்பது வருடம் சேர்த்து வைத்ததுதான் என்பது என் கணிப்பு. அதை எப்படிச் சேர்த்தார், எங்கே ஏறக்குறைய இழந்தார், கடைசியில் எதற்குச் செலவழித்தார் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மார்ஷலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவர் இறந்த சில ஆண்டுகளில் அவருடைய மூத்த மகன் செலவில் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட, 19,000 வரிகளைத் தாண்டிய ஒரு வாழ்க்கைக் காவியத்திலிருந்து வருகிறது. அவரிடம் வளர்ந்து, கடைசி மூச்சு வரை கூட இருந்த ஏர்லி ஜான் என்பவரின் நினைவுகள் அதில் நிறைய உண்டு. மகன் காசு கொடுத்து அப்பாவைப் பற்றி எழுதவைத்த பாட்டு என்பதால், உரையாடல்களை அப்படியே நம்ப முடியாது. அரசு ஆவணங்களோடு ஒத்துப்போகும் இடங்களைத்தான் நம்பலாம். நல்லவேளையாக அப்படி ஒத்துப்போகும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

நியூபரி, 1152

மன்னர் ஸ்டீபனுக்கும், அரியணைக்கு உரிமை கேட்ட மட்டில்டாவுக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். மார்ஷலின் தந்தை ஜான், மட்டில்டா கட்சி. அவருடைய நியூபரி கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டார். கொஞ்சம் அவகாசம் கேட்ட தந்தை, அதற்குப் பணயமாக ஐந்து வயது மதிக்கத்தக்க வில்லியமை ஒப்படைத்தார். கிடைத்த அவகாசத்தில் கோட்டையை ஒப்படைக்க ஏற்பாடு செய்வதற்குப் பதில், உணவும் ஆட்களும் ஏற்றி வலுப்படுத்தினார். பையனைத் தூக்கில் போடுவேன் என்று ஸ்டீபன் ஆள் அனுப்பியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளச் சுத்தியலும் பட்டறைக்கல்லும் தன்னிடம் இன்னும் இருக்கின்றன என்று பதில் வந்ததாகக் காவியம் சொல்கிறது.

ஸ்டீபனால் அந்தக் குழந்தையைக் கொல்ல முடியவில்லை. மன்னரும் பையனும் கூடாரத் தரையில் உட்கார்ந்து, செடித் தண்டுகளைப் பிடுங்கி அவற்றைப் போர்வீரர்களாக வைத்துச் சண்டை விளையாடிக்கொண்டிருந்த காட்சி ஒன்றும் அதில் வருகிறது. இது நடந்ததா, முதுமையில் கதையாகச் சொன்னதா என்பதைவிட, இதை மார்ஷல் வீட்டார் மறைக்காமல் பாட்டில் சேர்த்ததுதான் முக்கியம். தந்தையின் வாக்கு பொய்த்ததும், அதற்கு விலையாகத் தன் கழுத்து நின்றதும் அந்தக் குடும்பத்தின் அடிப்படை நினைவு. பின்னால் தன் பிள்ளைகளையே பணயம் கொடுக்க வேண்டி வந்தபோது இவர் என்ன செய்தார் என்பதை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கையில் வாள், பையில் காசு இல்லை

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நார்மண்டிக்கு, தாய்வழி உறவினரான தாங்கர்வில் பிரபுவின் வீட்டுக்குப் போனார். 1166இல் நைட் பட்டம் கிடைத்தது. உடனே ஒரு சண்டை. நாள் முழுக்க நன்றாகப் போரிட்டார், ஆனால் தன் குதிரையை இழந்தார். அன்று இரவு விருந்தில் வில்லியம் டி மாண்டவில் என்ற பிரபு, எனக்கு ஒரு பரிசு கொடு, ஒரு பழைய குதிரைப் பட்டையாவது போதும் என்று கேட்டார். என்னிடம் ஏது என்றார் இளைஞர். இன்று நாற்பது அறுபது உன் கைக்கு வந்து போயிருக்குமே என்றதும் விருந்தே சிரித்தது. விழுந்தவனின் குதிரையும் சேணமும், பிடிபட்டவனின் மீட்புத்தொகையும்தான் நிலமில்லாத வீரனின் சம்பளம். அதை இவர் வசூலிக்க மறந்திருந்தார். அதற்கப்புறம் மறக்கவே இல்லை. டூர்னமென்ட் எனப்படும் போர் விளையாட்டுகளில், ஒரு கூட்டாளியோடு பங்கு பேசிக்கொண்டு பத்து மாதத்தில் 103 வீரர்களைப் பிடித்ததாகக் கணக்கு இருக்கிறது.

1168இல் பிரான்சின் புவாத்தூ பகுதியில் தாய்மாமன் பாட்ரிக் முதுகில் குத்தப்பட்டு இறந்தார். வேலி ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தனியாகப் போரிட்ட மார்ஷல், தொடையில் காயப்பட்டுப் பிடிபட்டார். கட்டுப்போடத் துணிகூடத் தரவில்லை. ஒரு வீட்டில் தங்கியபோது, இரக்கப்பட்ட ஒரு பெண் ரொட்டியைக் குடைந்து அதற்குள் சுத்தமான துணியைத் திணித்து அனுப்பினாள். இவருக்காக மீட்புத்தொகை கட்டியவர் மன்னர் இரண்டாம் ஹென்றியின் மனைவி, அரசி எலினோர். அந்த வழியாகத்தான் அரச குடும்பத்துக்குள் கால் வைத்தார். 1170இல், தந்தை இருக்கும்போதே முடிசூட்டப்பட்ட இளைய ஹென்றிக்குப் போர்ப் பயிற்சி தரும் ஆளாக நியமிக்கப்பட்டார்.

அடுத்த பன்னிரண்டு வருடத்தை நீட்ட வேண்டியதில்லை. இளைய ஹென்றி தந்தையை எதிர்த்தார், மார்ஷல் தன் எஜமானர் பக்கம் நின்றார். 1182இல், எஜமானரின் மனைவியோடு தவறான உறவு என்று பொறாமைக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். மார்ஷல் அன்று செய்ததைக் கவனியுங்கள்: கேன் நகரில் கிறிஸ்துமஸ் சபையில் எல்லோர் முன்னிலையிலும் வந்து, குற்றம் சாட்டுகிறவன் யாராக இருந்தாலும் வாள் எடுத்து என்னோடு மோதி நிரூபிக்கட்டும் என்றார். யாரும் முன்வரவில்லை. இதே உத்தியை இன்னும் இரண்டு முறை பார்க்கப் போகிறோம்.

1183இல் இளைய ஹென்றி காய்ச்சலில் இறந்தார். தான் நேர்ந்துகொண்ட புனிதப் பயணத்தைத் தனக்காக நிறைவேற்றும்படி சாகும்போது கேட்டார். இறந்தவருக்குக் கொடுத்த வாக்கைக் கேட்கத் திரும்ப யாரும் வரப்போவதில்லை. மார்ஷல் போனார். இரண்டு வருடம் புனித பூமியில் இருந்துவிட்டுத் திரும்பினார்.

ரிச்சர்டின் குதிரை

1189 ஜூனில், தந்தை இரண்டாம் ஹென்றிக்கு எதிராகப் படையெடுத்து வந்தார் இளவரசர் ரிச்சர்ட். லெ மான் நகரிலிருந்து பின்வாங்கிய கிழ மன்னரைக் காக்கப் பின்னால் நின்றவர் மார்ஷல். துரத்தி வந்த ரிச்சர்ட் கவசம் அணிந்திருக்கவில்லை. மார்ஷல் ஈட்டியை நீட்டிக்கொண்டு நேராக வந்தார். நான் ஆயுதம் இல்லாமல் இருக்கிறேன், என்னைக் கொன்றால் பழி உனக்கு என்று ரிச்சர்ட் கத்தினார். உன்னைப் பிசாசு கொல்லட்டும் என்று சொல்லிவிட்டுக் குதிரையைக் குத்தினார் மார்ஷல்.

மூன்று வாரம் கழித்து ஹென்றி இறந்தார். குதிரை பறிகொடுத்தவர் மன்னரானார். அன்று என்னைக் கொல்லப் பார்த்தாய், நான்தான் ஈட்டியைத் தட்டிவிட்டேன் என்றார் புதிய மன்னர். அங்கே ஒரு சாதாரண அரசவை ஆள் தலையாட்டியிருப்பான். மார்ஷல், கொல்ல நினைத்திருந்தால் கொன்றிருப்பேன், குதிரையைக் கொன்றதற்கு வருத்தமில்லை என்றார். ரிச்சர்ட் மன்னித்தார். ஹென்றி வாய்மொழியாகச் சொல்லியிருந்த திருமணத்தை உறுதிசெய்து, லெய்ன்ஸ்டர் வாரிசான இசபெல் டி கிளேரை மணமுடித்து வைத்தார்.

தன்னை எதிர்த்து நின்றவனுக்கு இவ்வளவு பெரிய பரிசு ஏன்? காரணம் எளிது. தோற்றுக்கொண்டிருந்த மன்னரைக் கடைசி வரை விடாதவன், நாளை தன்னையும் விடமாட்டான் என்று ரிச்சர்ட் கணக்குப் போட்டார். சிலுவைப்போருக்குக் கிளம்பவிருந்த மன்னருக்கு ஊரில் அப்படிப்பட்ட ஆள்தான் தேவை.

இசபெலைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு வயது 17 அல்லது 18 இருக்கலாம், மாப்பிள்ளைக்கு 40 தாண்டிவிட்டது. அவருடைய தந்தை ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்ற ரிச்சர்ட் டி கிளேர். தாய் அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் அரசன் டியர்மெட்டின் மகள் ஈஃபா. வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டை, தெற்கு இங்கிலாந்தில் நிலங்கள், நார்மண்டியில் லாங்குவில், அயர்லாந்தில் ஒரு மாகாணம் – அத்தனையும் இந்தப் பெண்ணின் உரிமை. மார்ஷலின் கதையை எழுதுகிறவர்கள் பலர் இவரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1207இல் நடந்ததைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய தவறு என்று தெரியும்.

நெருக்கடி: 1205 முதல் 1210 வரை

இந்த ஆய்வின் மையம் இதுதான். 1199இல் ரிச்சர்ட் இறந்ததும், அவர் தம்பி ஜானை ஆதரித்தார் மார்ஷல்; போட்டியில் இருந்த ஜானின் அண்ணன் மகன் ஆர்தரை விட்டுவிட்டார். பரிசாக பெம்புரோக் பிரபு பட்டம் வந்தது. ஐந்து வருடத்தில் பிரெஞ்சு மன்னர் பிலிப், நார்மண்டியை ஜானிடமிருந்து பிடுங்கிவிட்டார். இரு கரையிலும் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் எல்லோருக்கும் ஒரே சங்கடம்: நார்மண்டி நிலம் வேண்டுமானால் பிலிப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும், செய்தால் ஜான் இங்கிலாந்து நிலத்தைப் பிடுங்குவார்.

பெரும்பாலானவர்கள் ஒரு கரையை இழந்தார்கள். மார்ஷல் இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். தூதராகப் போன இடத்திலேயே பிலிப்புக்கு 500 மார்க் கொடுத்து ஒரு வருட அவகாசம் வாங்கினார். 1205இல், ஜானின் ஒப்புதல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, கடலின் அந்தக் கரைக்கு மட்டும் பிலிப்பே என் தலைவர் என்ற முறையில் பிரமாணம் செய்தார்.

இந்த இடத்தில் மார்ஷலுக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. நில ஆசைதான் இது. சட்டப்படி ஓட்டை இல்லாத ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் இழந்த நாட்டை மீட்கப் படை திரட்டிக்கொண்டிருந்த ஒரு மன்னருக்கு, முதல் வரிசைத் தளபதி, அந்தப் பக்கம் வந்து உங்களுக்காகப் போரிட முடியாது, அங்கே நான் பிலிப்பின் ஆள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? போர்ட்ஸ்மவுத் கடற்கரையில் ஜான் வெடித்தார். பிரபுக்களைக் கூட்டித் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்.

மார்ஷல் தன் பழைய உத்தியை எடுத்தார். வாளால் நிரூபிக்க விரும்புகிறவன் வரட்டும் என்றார். அதற்கு முன்னால் பிரபுக்களைப் பார்த்து, என்னை நன்றாகப் பாருங்கள், இன்று எனக்குச் செய்ய நினைப்பதை நாளை மன்னர் உங்கள் ஒவ்வொருவருக்கும் செய்வார் என்றார். அறுபதை நெருங்கியவர்தான், ஆனாலும் அவரோடு மோத ஒருவரும் வரவில்லை. தீர்ப்புச் சொல்லவும் யாரும் வாய் திறக்கவில்லை. பத்து வருடம் கழித்து, மாக்னா கார்ட்டா பிறந்த ரன்னிமீடில் அதே பிரபுக்கள் எழுப்பப் போகும் குற்றச்சாட்டின் சுருக்கம், அன்று மார்ஷல் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஜான் விடவில்லை. மூத்த மகன் வில்லியமைப் பணயமாகக் கேட்டு வாங்கினார். 1207இல் மார்ஷல் அயர்லாந்து போக அனுமதி கேட்டபோது இரண்டாவது மகன் ரிச்சர்டையும் கேட்டார். இசபெல் கொடுக்கக் கூடாது என்றார். கூட இருந்த வீரர்களும் வேண்டாம் என்றார்கள். மன்னர் கேட்டால் எல்லாப் பிள்ளைகளையும் கொடுப்பேன் என்று சொல்லி அனுப்பிவைத்தார் மார்ஷல்.

ஒரு தகப்பனாகப் பார்த்தால் இது கொடுமை. பணயத்தின் வலியை அனுபவித்தவர் இதைச் செய்தார் என்பது இன்னும் கொடுமை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. இவருடைய தந்தை பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாக்கை மீறினார். இவர் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு ஆபத்து வரும்படியான எதையும் ஒருமுறைகூடச் செய்யவில்லை. ஜானை எதிர்த்து வாள் தூக்கவில்லை, தப்பி ஓடவில்லை, அழைத்தபோது வராமல் இருக்கவில்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், அயர்லாந்தில் மன்னரின் பிரதிநிதியாக இருந்த மெய்லர் பிட்ஸ்ஹென்றி, ஜானின் ஜாடையோடு லெய்ன்ஸ்டரைத் தாக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதே சமயம் மார்ஷலை இங்கிலாந்துக்கு வரச்சொல்லி ஆணை வந்தது. பொறி என்று தெரிந்தே கிளம்பினார். கிளம்புமுன் கில்கென்னியில் தன் ஆட்களைக் கூட்டி, கர்ப்பிணியாக இருந்த இசபெலின் கையைப் பிடித்து அவர்கள் முன் நிறுத்தினார். இதோ உங்கள் பிறப்புரிமைத் தலைவி, உங்கள் தகப்பன்மாருக்கு இந்த நிலத்தைக் கொடுத்தவரின் மகள், நான் இங்கே இருப்பதே இவர் உரிமையால்தான், இவரைக் காப்பது உங்கள் பொறுப்பு என்று சொன்னதாகக் காவியம் கூறுகிறது.

ஜான் அடுத்த காயை நகர்த்தினார். மார்ஷலின் முக்கிய ஆட்களான ஏர்லி ஜான் முதலியோர் உடனே இங்கிலாந்து திரும்ப வேண்டும், இல்லையென்றால் அவர்களுடைய இங்கிலாந்து நிலம் போகும் என்று ஆணையிட்டார். அவர்கள் கூடிப் பேசி, நிலம் போனால் போகட்டும், தலைவியை விட்டுப் போவது அவமானம் என்று முடிவெடுத்தார்கள். நிலம் போனது.

1208 ஜனவரி, கில்ஃபோர்ட். குளிர்காலக் கடல் கொந்தளித்ததால் அயர்லாந்திலிருந்து கப்பல் எதுவும் வரவில்லை. குதிரையில் போய்க்கொண்டிருந்த ஜான், பக்கத்தில் வந்த மார்ஷலைப் பார்த்து, அயர்லாந்துச் செய்தி ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் மார்ஷல். எனக்கு வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார் மன்னர்: கில்கென்னியை முற்றுகையிட்டார்கள், உன் மனைவி உள்ளே மாட்டிக்கொண்டாள், பெரிய சண்டை, உன் ஆட்கள் இன்னார் இன்னார் செத்தார்கள், ஏர்லி ஜானும் காயத்தில் இறந்தான். அத்தனையும் பொய். மார்ஷல் உடைந்து போயிருக்க வேண்டும், அல்லது கோபத்தில் தேவையில்லாத ஒரு வார்த்தையை விட்டிருக்க வேண்டும். ஜான் எதிர்பார்த்ததும் அதுதான். அந்த வீரர்கள் உங்கள் ஆட்களும்தானே மன்னா, இழப்பு வருத்தமானது என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரையை ஓட்டினார் மார்ஷல்.

சில வாரத்தில் உண்மைச் செய்தி வந்தது. இசபெலின் ஆட்கள் ஜெயித்திருந்தார்கள். மெய்லர் பிடிபட்டு, தன் மகனைப் பணயமாகக் கொடுத்திருந்தார். ஜானின் முகம் மாறியது. மார்ஷலிடம் திடீரென்று அன்பாகப் பேசினார். மார்ச்சில் லெய்ன்ஸ்டருக்குப் புது உரிமைப் பத்திரம் கொடுத்தார், அதிகாரத்தைக் கொஞ்சம் குறைத்து. மார்ஷல் வாதாடாமல் வாங்கிக்கொண்டார்.

இதே காலத்தில் ஜானின் இன்னொரு நெருங்கிய பிரபு வில்லியம் டி பிரோஸ் என்ன ஆனார் என்று பார்த்தால் வேறுபாடு புரியும். மன்னருக்குக் கட்ட வேண்டிய பெரும் கடன் பாக்கி. பணயமாக மகன்களைக் கேட்டபோது அவர் மனைவி மட்டில்டா, சொந்த அண்ணன் மகனையே கொன்றவரிடம் என் பிள்ளைகளைக் கொடுக்கமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னதாக அக்கால வரலாற்றாளர் பதிவு செய்திருக்கிறார். ஆர்தருக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. அந்த அம்மாள் பேசினார். குடும்பம் அயர்லாந்துக்கு ஓடியது. மார்ஷல் அவர்களுக்கு இருபது நாள் அடைக்கலம் கொடுத்தார். 1210இல் ஜான் பெரும்படையோடு அயர்லாந்தில் இறங்கி அவர்களை வேட்டையாடினார். டி பிரோஸ் பிரான்சுக்குத் தப்பி அடுத்த ஆண்டு அங்கேயே இறந்தார். பிடிபட்ட மட்டில்டாவும் மூத்த மகனும் சிறையில் பட்டினி போட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அடைக்கலம் கொடுத்ததற்காக டப்ளினில் மார்ஷல்மேல் ஜான் குற்றம் சாட்டினார். வீட்டுக்கு வந்தவர் என் பழைய நண்பர், உங்களுக்கும் அவருக்கும் பகை என்று அப்போது எனக்குத் தெரியாது, வேறு மாதிரி சொல்கிறவன் வாளோடு வரட்டும் என்றார் மார்ஷல். மூன்றாவது முறையும் யாரும் வரவில்லை. ஆனால் கோட்டைகளையும் ஆட்களையும் பிணையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏர்லி ஜான் நாட்டிங்ஹாம் கோட்டையில் அடைபட்டார். மற்றொரு வீரர் சிறையிலேயே இறந்தார். தலைவரின் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். காவியம் இதைப் பெருமையாகச் சொல்கிறது. எனக்கு அதைப் படிக்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பொறுமை வீண் போகவில்லை. 1212இல் பிரபுக்களின் சதி அம்பலமாகி ஜான் யாரை நம்புவது என்று தெரியாமல் தவித்தபோது, அயர்லாந்துப் பிரபுக்களைத் திரட்டி மன்னருக்கு ஆதரவு தெரிவிக்கவைத்தவர் மார்ஷல். மகன்கள் விடுவிக்கப்பட்டார்கள். 1213இல் மன்னரின் அருகில் மறுபடி இடம் கிடைத்தது.

எதிரியின் சாசனம்

1215 ஜூனில் ரன்னிமீடில், மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு ஜான் முத்திரை வைத்தார். மன்னரின் ஆலோசகர்களாக அதில் பெயர் வரும் பிரபுக்களில் முதல் பெயர் மார்ஷலுடையது. மன்னர் சொன்னபடி நடக்கிறாரா என்று கண்காணிக்கக் கிளர்ச்சிக்காரர்கள் நியமித்த 25 பேரில் ஒருவர், அவருடைய மூத்த மகன் வில்லியம். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் குடும்பம் பிழைக்கட்டும் என்ற திட்டமா, இல்லை பணயமாக ஏழு வருடம் கிடந்த மகனின் சொந்தக் கோபமா? இரண்டுமே இருக்கலாம். நான் இரண்டாவதற்கு அதிக இடம் கொடுப்பேன்.

ஆகஸ்டில் போப் மூன்றாம் இன்னசன்ட் அந்தச் சாசனத்தைச் செல்லாது என்று அறிவித்தார். போர் வெடித்தது. 1216 மே மாதம் லூயி வந்து இறங்கினார். அக்டோபரில் ஜான் இறந்தார். இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கு வந்திருக்கிறோம்.

பொறுப்பைக் கொடுத்தபோது மார்ஷல் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வயதாகிவிட்டது, செஸ்டர் பிரபு ரானுல்ஃப் வரட்டும் என்றார். மறுநாள் வந்த ரானுல்ஃப், உம்மைவிடத் தகுதியானவர் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அன்றிரவு ஏர்லி ஜானிடம், எல்லோரும் இந்தப் பையனைக் கைவிட்டாலும் நான் தோளில் தூக்கிக்கொண்டு தீவு தீவாக, நாடு நாடாகப் பிச்சையெடுத்தாவது காப்பாற்றுவேன் என்று சொன்னாராம்.

அடுத்த இரண்டு வாரத்தில் நடந்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய செயல் என்று நான் நினைக்கிறேன். 1216 நவம்பர் 12 அன்று பிரிஸ்டலில், போப்பின் தூதர் குவாலாவும் மார்ஷலும் தங்கள் சொந்த முத்திரைகளை வைத்து – சிறுவன் ஹென்றிக்கு முத்திரை இல்லாததால் – மாக்னா கார்ட்டாவை மறுபடி வெளியிட்டார்கள். மன்னர் செத்துப்போகுமளவுக்குப் போரிட்டு நிராகரித்த ஆவணம். போப்பே ரத்து செய்த ஆவணம். அதை அந்த மன்னரின் தளபதியும் போப்பின் தூதரும் சேர்ந்து உயிர்ப்பித்தார்கள். 25 பேர் கண்காணிப்புக் குழு, சம்மதமில்லாமல் வரி கூடாது என்ற பிரிவு போன்றவற்றை நீக்கிவிட்டார்கள். மீதியை வைத்துக்கொண்டார்கள்.

கிளர்ச்சிக்காரர்கள் எதற்காகப் போரிட்டார்களோ அதை அரசே கொடுத்துவிட்டால், அவர்கள் ஏன் ஒரு வெளிநாட்டு இளவரசருக்காகச் சாக வேண்டும்? கணக்கு அவ்வளவுதான். ஆனால் வாக்கு மாறுவதற்கே பெயர்போன ஜானின் அரசு இதைச் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். காகிதத்தில் மார்ஷலின் முத்திரை இருந்தது. பிள்ளைகளைப் பிடித்து வைத்தபோதும் மீறாதவர், இதையா மீறப்போகிறார்? 1217 மார்ச்சில் அவருடைய மகனும், சாலிஸ்பரி பிரபுவும் திரும்பி வந்தார்கள். வேறு சிலரும் வரத் தொடங்கினார்கள்.

படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. ஜான் சேர்த்து வைத்திருந்த நகைகளையும் பட்டுத் துணிகளையும் விற்றும் பங்கிட்டும் சமாளித்தார்.

1217 மே 20, லிங்கன். நகரம் லூயியின் ஆட்கள் கையில். கோட்டை மட்டும் நிகோலா டி லா ஹே என்ற முதிய பெண்மணியின் காவலில் பணியாமல் நின்றது. லூயி தன் படையைப் பிரித்து, பாதியை டோவருக்கு வைத்துக்கொண்டு பாதியை லிங்கனுக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பிளவைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பணயம் வைத்தார் மார்ஷல். சுமார் 400 நைட்டுகள், 300 பேருக்கு மேல் குறுக்குவில் வீரர்கள். ஆவேசத்தில் தலைக்கவசம் போடாமலே குதிரையைக் கிளப்பி, ஒரு பையன் ஞாபகப்படுத்தியதும் நின்று போட்டுக்கொண்டு பாய்ந்தார். சண்டை முடிந்தபோது அந்தக் கவசத்தில் மூன்று பெரிய பள்ளங்கள் இருந்தன. எதிர்த்தளபதி பெர்ச் பிரபு, கவசத்தின் கண் துளை வழியே குத்துப்பட்டு இறந்தார். கிளர்ச்சிப் பிரபுக்கள் கூட்டமாகப் பிடிபட்டார்கள். அப்புறம் நகரத்தைச் சூறையாடினார்கள், தேவாலயங்களையும் விடவில்லை. அந்தக் கொள்ளைக்கு லிங்கன் சந்தை என்று பெயர் நிலைத்துவிட்டது. படகில் ஏறித் தப்பப் பார்த்த பெண்களும் குழந்தைகளும் ஆற்றில் மூழ்கினார்கள். வெற்றிக் கதையில் இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 24 அன்று சாண்ட்விச் கடற்பரப்பில் லூயிக்கு வந்த துணைப்படையை ஹியூபர்ட் டி பர்க் தலைமையிலான கப்பல்கள் முறியடித்தன. செப்டம்பரில் சமாதானம். லூயி நாட்டை விட்டுப் போக 10,000 மார்க் கொடுப்பதாக ஒப்பந்தம். ஜெயித்தவன் தோற்றவனுக்குப் பணம் கொடுப்பதா, லூயியைச் சிறைபிடித்திருக்கலாமே என்று அப்போதே குறை சொன்னார்கள். பிலிப்பிடம் இருந்த நார்மண்டி நிலத்துக்காக மார்ஷல் விட்டுக்கொடுத்தார் என்ற சந்தேகமும் எழுந்தது. 1205ஐ நினைத்தால் அந்தச் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இருந்தாலும், லண்டன் இன்னும் லூயி கையில் இருந்தது. இன்னொரு குளிர்காலப் போருக்கு அரசிடம் காசில்லை. ஒப்பந்தத்தில் கிளர்ச்சிக்காரர்களுக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. நவம்பரில் சாசனம் மூன்றாம் முறையாக வெளியானது. கூடவே காட்டு உரிமைகளுக்கென்று தனிச் சாசனம் ஒன்றும் வந்தது. 1225இல் மூன்றாம் ஹென்றி தன் சொந்த முத்திரையோடு வெளியிட்ட பதிப்புதான் பின்னால் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

ஒப்படைப்பு

1219 தொடக்கத்தில் நோய் கண்டது. தன் வீட்டில் சாக வேண்டும் என்று லண்டன் கோட்டையிலிருந்து படகில் தேம்ஸ் வழியாகக் கேவர்ஷாமுக்குப் போனார். மன்னரையும் சபையையும் அங்கேயே வரவழைத்தார். வின்செஸ்டர் பிஷப் பீட்டர் டி ரோஷ், பையன் என் பொறுப்பு என்று உரிமை கொண்டாடினார். பிரபுக்களில் யாரிடம் கொடுத்தாலும் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மார்ஷலுக்குத் தெரியும். போப்பின் புதுத் தூதர் பாண்டுல்ஃபிடம் ஒப்படைத்தார். பீட்டர் பையனின் தலையைப் பிடித்து இழுத்தபோது, படுக்கையிலிருந்தே தன் மகனை அனுப்பிச் சபை நடுவில் எல்லோர் பார்க்க ஒப்படைப்பைச் செய்துமுடிக்க வைத்தார்.

கடைசி நாட்களில் ஒரு வீரர், பிறரிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் சொர்க்கம் இல்லை என்று திருச்சபையார் சொல்கிறார்களே என்று தயங்கியபடி கேட்டார். 500 வீரர்களைப் பிடித்து அவர்களுடைய குதிரை, ஆயுதம் எல்லாம் எடுத்திருக்கிறேன், அதை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பேன், அதற்காக மோட்சம் இல்லையென்றால் எவனுக்குமே கிடையாது என்றார் மார்ஷல். மே 14 அன்று இறந்தார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே இருக்கும் கல் உருவம் 1941 குண்டுவீச்சில் சிதைந்தும் இன்னும் கிடக்கிறது.

ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராக பெம்புரோக் பிரபுக்கள் ஆனார்கள். ஐவருமே வாரிசில்லாமல் இறந்தார்கள். ரிச்சர்ட், தந்தை காப்பாற்றிய அதே மூன்றாம் ஹென்றியோடு மோதி, 1234இல் அயர்லாந்தில் காயப்பட்டு மாண்டார். கில்பர்ட் 1241இல், தகப்பனுக்குச் சோறு போட்ட டூர்னமென்ட் விளையாட்டிலேயே குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1245இல் கடைசி மகன் அன்செல்மும் போனதும், இசபெல் கொண்டுவந்த நிலங்களும் லெய்ன்ஸ்டரும் ஐந்து மகள்களின் வாரிசுகளுக்குப் பிரிந்தன. மார்ஷல் என்ற பரம்பரை அரசவைப் பதவி மூத்த மகள் மாட் வழியாக நார்ஃபோக் பிரபுக்களிடம் போனது. 2023இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா ஏற்பாடுகளைக் கவனித்தவரும், அந்தப் பதவியை இன்று வகிக்கும் நார்ஃபோக் கோமகன்தான்.